நூற்றிருபது ஆரோக்கியசாலிகள்

லிப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. ஒன்றல்ல, எட்டு. ஸ்கேன் எடுத்தவர் எண்ணிச் சொன்னபோது அவள், "நல்லா பாருங்க, ஓரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கும்" என்றாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கண்ணுக்குத் தப்பியதைப் பிடித்தே சம்பளம் வாங்குகிறவள். வலி வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நிற்பாள். அப்படி நிற்கும்போது அவளை எதுவும் கேட்கக்கூடாது என்பதை மெக்கானிக் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேர வேலை. மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சர்ஜன் திங்கட்கிழமைக்குத் தேதி குறித்தார். அதற்கு முன்பு வழக்கமான ரத்தப் பரிசோதனை.

பரிசோதனைத் தாளில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் முதலில் இவளுடைய எண், பக்கத்தில் அது எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்கிற இயல்பளவு. பதினோரு வரி சரியாக இருந்தது. பிளேட்லெட் வரியில் மட்டும், 1,61,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், "நிர்ணயிக்கப்பட்டு வருகிறது" என்று அச்சாகியிருந்தது.

சர்ஜன் அந்த வரியை விரலால் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

"அறுவையைத் தள்ளி வைக்கணும்" என்றார்.

"ஏன் டாக்டர்? எண்ணு மோசமா?"

"மோசம்னு நான் சொல்லலையே."

"அப்ப நல்லா இருக்கா?"

"அதையும் நான் சொல்லக்கூடாது."

பிளேட்லெட் என்பது வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் துணுக்கு. அது போதாவிட்டால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. இது மெக்கானிக்குக்கும் தெரியும். போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்கே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். "அப்ப ஒன்றரை லட்சத்துலேருந்து நாலரை லட்சம் வரைக்கும் நார்மல்னு போட்டிருந்துச்சே டாக்டர்?"

"அது போன வருஷம்" என்றார் சர்ஜன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். இயல்பளவு நிர்ணய வாரியத்தின் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். பழைய அளவு யாரோ, எங்கேயோ, யாருடைய ரத்தத்தையோ எண்ணி எழுதியது. நம் ரத்தத்துக்கு நம் அளவு வேண்டும். அது வெளியாகும்வரை எந்த எண்ணையும் இயல்பு என்றோ இயல்பல்ல என்றோ கூறுகிற மருத்துவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார்.

யோசனை என்னவோ நியாயமானதுதான். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ரத்தம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். நியாயமான யோசனை ஒன்று கையில் கிடைத்தால் ஒரு வாரியம் அதை என்ன பாடு படுத்தும் என்பதுதான் மெக்கானிக்குக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போனார். ஐந்து மாடிக் கட்டடம். வாரியம் ஐந்தாவது மாடியில். லிப்ட் வாசலில் "பழுது" என்ற அட்டை தொங்கியது. எழுத்து வெளுத்து, படிப்பதற்கே பக்கத்தில் போக வேண்டியிருந்தது. மெக்கானிக் படியேறினார். மேலே ஒரு பெஞ்சில் மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர்.

"நூத்தி இருபது ஆரோக்கியமான ஆளுங்க ரத்தம் வேணும்" என்று எழுத்தர் பொறுமையாக விளக்கினார். "அதை எண்ணி, அதுலேருந்து அளவு எடுப்போம்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் ஆச்சு?"

"பதினொண்ணு."

"எத்தனை மாசத்துல?"

"இது மூணாவது வருஷம்."

மெக்கானிக் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். "இவங்க ரத்தம் குடுக்க வந்தவங்கதானே?"

"வந்தவங்கதான். ஆனா பாருங்க, விதி ஒன்பது. உடற்பயிற்சி செஞ்சா பிளேட்லெட் ஏறும். அதனால உடற்பயிற்சி செஞ்சுட்டு வர்றவங்க தகுதி இல்லாதவங்க. அஞ்சு மாடி ஏறி வர்றது உடற்பயிற்சிதானே?"

"அப்ப அந்தப் பதினோரு பேர்?"

"லிப்ட் ஓடின காலத்துல வந்தவங்க."

"கீழேயே ஒரு நாற்காலி போட்டு எடுத்தா என்னங்க?"

"வாரியத்தோட முகவரி அஞ்சாவது மாடி."

"சரி, கொஞ்ச நேரம் உட்கார வச்சு எடுத்தா?"

"உட்காரத்தான் வச்சிருக்கோம்" என்று எழுத்தர் பெஞ்சைக் காட்டினார். "எவ்வளவு நேரம் உட்கார்ந்தா ஓய்வுன்னு முடிவு பண்ண ஒரு துணைக்குழு இருக்கு. அவங்க அறிக்கை வரணும்."

மெக்கானிக் படியிறங்கினார். வீட்டுக்குப் போய்க் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். மொட்டை மாடியில் மோட்டார் அறையின் கதவைத் திறந்து, கண்ட்ரோல் பெட்டியைப் பார்த்து, கம்பி கம்பியாகச் சோதித்துக்கொண்டே கீழே இறங்கினார். மோட்டாரில் ஒன்றுமில்லை. மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு முனையில் ஒரு விரல் தடிமனுக்கு அழுக்கு. கதவு மூடினாலும் மூடவில்லை என்றே லிப்ட் நினைத்துக்கொண்டிருந்தது. துடைத்து, முனையைத் தேய்த்து, திருகை இறுக்கி, நாற்பது நிமிஷத்தில் லிப்ட் ஓடியது. பத்து நாள் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றிப் பழுதை நீக்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அதற்குள் அவர் ஆள் திரட்ட ஆரம்பித்திருந்தார். தன் கம்பெனியின் மெக்கானிக்குகள், மனைவியின் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுகிறவர்கள், பைண்டிங் பெண்கள், தெருவில் தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கும் தன் மைத்துனர், அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள். காலையில் எட்டு எட்டு பேராக லிப்ட்டில் ஏற்றி மேலே அனுப்பினார். லிப்ட் கொள்ளும் எண்ணிக்கை அவ்வளவுதான்.

மேலே ஒரு தகுதிக் குழு உட்கார்ந்திருந்தது.

"ஏன் ரத்தம் குடுக்க வந்தீங்க?" என்று முதல் ஆளைக் கேட்டார்கள்.

"எங்க மெக்கானிக்கோட சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆகணுங்க. அதுக்குத்தான்."

"அப்ப உங்களுக்கு இதுல ஒரு நோக்கம் இருக்கு" என்று அவரை நீக்கினார்கள்.

இதைக் கேள்விப்பட்ட அடுத்த ஆள், "சும்மாதாங்க வந்தேன். காரணம் ஒண்ணும் இல்லை" என்றார்.

"காரணமே இல்லாம கையை நீட்டி ஊசி குத்திக்க வர்றவரோட மனநிலையை நாங்க யோசிக்கணும் இல்லையா?" என்று அவரையும் நீக்கினார்கள்.

மெக்கானிக்கையே நீக்கிவிட்டார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லாதவர் கவலையில் இருப்பார், கவலை ஓர் ஆரோக்கியக் குறைவு என்று. மைத்துனர் மட்டும் புத்திசாலி. "எதுக்கு வந்தீங்க?" என்றதும், "வேலைக்குப் போகப் பிடிக்கலைங்க" என்றார். குழு அவரை மிக ஆரோக்கியமானவர் என்று ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டது. அன்று சாயங்காலமே அந்த பதில் அச்சகம், கம்பெனி, தெரு எங்கும் பரவிவிட்டது. ஐந்து வாரத்தில் நூற்றுப் பத்தொன்பது பேர் தேறினார்கள்.

நூற்றிருபதாவது ரத்தத்தை வாரியத் தலைவரே கொடுத்தார். அதற்கு மேடை போட்டார்கள். தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பேசினார்:

"ஒரு சமூகம் எப்போது வளர்கிறது? தன்னில் யார் சரி, யார் சரியில்லை என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துகொள்ளும்போது! மூன்றாண்டுகளுக்கு முன் இந்த நாற்காலியில் அமர்ந்தபோது, எல்லாரும் தாங்கள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறியாமையை ஒழித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். ஊசி குத்தும்போது தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அளவு வெளியானது: 1,58,000 முதல் 3,92,000 வரை.

"உள்ள வந்துட்டேங்க!" என்றாள் மனைவி, பத்திரிகைத் துண்டை விரித்து வைத்துக்கொண்டு. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்து மெக்கானிக் பார்த்தார். சர்ஜனும் சந்தோஷமாக வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மைத்துனர் ஒரு கடிதத்தோடு வந்தார். முகம் செத்திருந்தது.

"மாமா, எனக்கு ஏதோ வியாதியாம்."

கடிதம் வாரியத்திலிருந்துதான். இயல்பளவு என்பது ஆரோக்கியசாலிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை உள்ளடக்கியது; எனவே இரண்டு ஓரத்திலும் மும்மூன்று பேர் அளவுக்கு வெளியே விழுந்திருக்கிறார்கள்; அந்த ஆறு பேரில் தாங்களும் ஒருவர்; தாங்கள் இயல்பானவர் அல்ல என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அதோடு நின்றிருந்தால் மைத்துனர் ஒருவர் வீட்டோடு போயிருக்கும். ஆனால் வாரியம் ஒரு படி மேலே யோசித்திருந்தது. இயல்பல்லாத ஆறு பேர் ஆரோக்கியசாலிகளின் பட்டியலில் எப்படி இருக்கலாம்? அவர்களை நீக்கிவிட்டு, மிச்சம் நூற்றுப் பதினான்கு பேரை வைத்துப் புது அளவு எடுத்தார்கள். அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்தானே உள்ளே வர முடியும்? மறுபடி ஓரங்களில் ஆட்கள் விழுந்தார்கள். அவர்களுக்கும் கடிதம் போயிற்று.

புது அளவு 1,64,000-இல் தொடங்கியது. வியாழக்கிழமை அறுவை நடக்கவில்லை.

மெக்கானிக் தலைவரைப் பார்க்கப் போனார். பார்க்க மூன்று நாள் ஆயிற்று.

"ஐயா, நான் லிப்ட்ல வேலை பாக்கிறவன். எட்டு பேர் ஏறலாம்னு எழுதி வைப்போம். அந்த எட்டுல ஒருத்தர் குண்டா இருப்பாரு, ஒருத்தர் ஒல்லியா இருப்பாரு. அதுக்காக அவங்களை இறக்கி விடறதில்லைங்க. இறக்கிட்டா அடுத்த குண்டு ஒருத்தர் இருக்கத்தான் செய்வாரு. அவரையும் இறக்கினா கடைசில லிப்ட் காலியாத்தான் போகும்."

தலைவர் கோபப்படவில்லை. "அதனாலதான் நீங்க லிப்ட்டுல இருக்கீங்க, நாங்க வாரியத்துல இருக்கோம்" என்றார். "ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஆளுங்க வருவாங்க, போவாங்க. அளவுதான் நிக்கணும். நாளாக நாளாக எவ்வளவு துல்லியமாகுது பாருங்க! முதல்ல ரெண்டேகால் லட்சத்துக்கு மேல அகலமா இருந்துச்சு. இப்பவே ரெண்டேகாலுக்குள்ள வந்தாச்சு."

"என் சம்சாரம் வலியில துடிக்கிறா ஐயா."

"அவங்களைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க. இன்னும் துல்லியமாகட்டும்."

வாரம் இரண்டு முறை அளவு வெளியாயிற்று. ஆட்கள் நாற்பதுக்குக் கீழே வந்தபோது, நூற்றுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டால் பக்கத்துக்கு ஒரு முழு ஆள் தேறவில்லை. வாரியம் அவசரக் கூட்டம் கூட்டி, கணக்கு எப்படி இருந்தாலும் பக்கத்துக்கு ஒருவராவது நீக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. கடிதம் வாங்கியவர்கள் ஊரில் பெருகினார்கள். பைண்டிங் பெண் ஒருத்தியின் கல்யாணப் பேச்சு நின்றது. நன்றாகச் சீட்டாடிக்கொண்டிருந்த மைத்துனர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். பம்பு பழுதான தெருவே குடத்தோடு அலைந்தது.

மெக்கானிக் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் பத்திரிகையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார். தானே ஆள் திரட்டி, தானே லிப்ட் ஓட்டி, இந்தக் கிணற்றைத் தானே வெட்டியதாக அவருக்குத் தோன்றும். மனைவியிடம் சொன்னால், "நீங்க துடைச்சது கதவுப் பூட்டு. அவங்க மூளையைத் துடைக்க உங்ககிட்ட கருவி இல்லை, விடுங்க" என்பாள். சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை மதியம், அச்சகத்தில், ஒரு பள்ளிப் பாடப் புத்தகத்தின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. எந்திரம் ஓட்டுகிறவர் காகிதம் ஏற்றி வந்த வண்டியிலேயே அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவு டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பு ஒன்று அறுந்து, பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது.

"பித்தப்பை அழுகிட்டிருக்கு. இப்பவே எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் பேனாவை வாங்கினார். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. "டாக்டர், பிளேட்லெட் ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம். அளவுக்குள்ள வரலைங்க."

"எந்த அளவு?"

"வாரியத்து அளவு."

"இதைவிடக் கம்மியா இருந்தவங்களுக்கெல்லாம் நான் வெட்டித் தச்சிருக்கேன். நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. இந்த அம்மாவுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டா நடக்க ஆள் இருக்காது. போடுறீங்களா இல்லையா?"

போட்டார். கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது.

அரை மணி நேர வேலை மூன்றரை மணி நேரம் ஆயிற்று. ரத்தம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. நாள்பட விட்டதில் சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்ததுதான் அவளைப் பத்தொன்பது நாள் கட்டிலில் போட்டது. ஆறாம் நாள் அவள் பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டரம்மா சலைன் பாட்டிலைச் சரி செய்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் அவள் கண்ணைத் திறந்து, எதிர்ச் சுவரில் "அமைதி கக்கவும்" என்ற பலகையைப் பார்த்து, "'காக்க'வுக்குத் துணைக்கால் விட்டுட்டான்" என்றாள். மெக்கானிக் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதார்.

அவள் வீடு திரும்பிய அன்று டாக்டரம்மாவைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இயல்பல்லாத ஒருவருக்கு அறுவை செய்த குற்றம்.

விசாரணை வாரியத்திலேயே நடந்தது. கணவனும் மனைவியும் சாட்சிகள். அதற்கு முந்தின வாரம் வாரியத்தின் பட்டியலில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர்: தலைவர், வாசல் காவலாளி. காவலாளி ஒரு நாள் தும்மினார். ஆரோக்கியக் குறைவு என்று அவரை நீக்கியதும் இயல்பளவு, 2,31,000 முதல் 2,31,000 வரை என்று இறுதி செய்யப்பட்டது. உலகத்திலேயே மிகத் துல்லியமான அளவு என்று பத்திரிகைகள் எழுதின.

தலைவர் கன்னத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடது பக்கம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"இந்த அம்மா பிழைச்சுட்டாங்க. அது எங்களுக்கும் சந்தோஷம்தான்" என்று வாயைத் திறக்காமல் பேசினார். "ஆனா அவங்க பிழைச்சது ஒரு தனிப்பட்ட சம்பவம். ஒரு அளவை மீறினது பொதுக் குற்றம்."

"செத்திருந்தா?" என்று மனைவி கேட்டாள்.

"விதிப்படி செத்திருந்தா யார்மேலயும் தப்பில்லை."

அதைச் சொல்லி முடித்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டார். எழுத்தர் மெக்கானிக்கின் காதில் குசுகுசுத்தார்: "பல்லுக்கு அடியில சீழ். நாலு நாளா தூக்கமே இல்லை. மூணு டாக்டர்கிட்ட போயாச்சு, யாரும் தொட மாட்டேங்கிறாங்க. நேத்து எண்ணிப் பாத்தா ரெண்டு லட்சத்து நாப்பத்திநாலாயிரம். சீழ் வச்சா எண்ணு ஏறுமாம்."

விசாரணை பத்து நிமிஷம் ஒத்தி வைக்கப்பட்டது. தலைவர் எழுந்து வந்து டாக்டரம்மாவின் முன் நின்றார்.

"நீங்க... பல்லெல்லாம் பாப்பீங்களா?"

"கீறிச் சீழை எடுத்துவிடலாம். ஆனா நான் சஸ்பென்ஷன்ல இருக்கேன். கத்தியைத் தொடக்கூடாது."

தலைவர் அங்கேயே ஒரு தாளை இழுத்து, சஸ்பென்ஷன் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். டாக்டரம்மா கையைக் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி, சீழை வடித்து, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னார். பதினைந்து நிமிஷம். தலைவர் பஞ்சைக் கடித்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதார். நன்றி என்றுதான் மெக்கானிக்குக்குக் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அன்று மனைவிக்கு ஒரு புதுச் செருப்பும், டாக்டரம்மாவுக்கு ஒரு புதுச் செருப்பும் வாங்கினார்.

நாலாம் நாள், காயத்தைக் காட்டுகிற சாக்கில் மனைவியோடு செருப்பைக் கொடுக்கப் போனபோது, டாக்டரம்மா ஒரு நீளமான காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். "நீங்கதான் பிழை திருத்தறவங்களாச்சே. பாருங்க, இருக்கான்னு."

இரண்டாவது குற்றக் குறிப்பாணை. இயல்பளவுக்கு வெளியே இருந்த நபர் ஒருவருக்கு, அவருடைய எண்ணைத் தெரிந்தும், வேண்டுமென்றே சிகிச்சை செய்தது. பாதிக்கப்பட்டவர்: வாரியத் தலைவர். புகார் கொடுத்தவர்: மேற்படியார். ஆதாரம்: பாதிக்கப்பட்டவர் தற்போது முழு நலத்துடன் இருக்கிறார்.

அவள் இரண்டு முறை படித்தாள். "எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லை டாக்டர்" என்றாள்.

மெக்கானிக்குக்குக் கோபத்தில் காது அடைத்தது. "நீங்க அந்த ஆளைத் தொட்டிருக்கவே கூடாதுங்க. துடிக்கட்டும்னு விட்டிருக்கணும்."

"வாயைத் திறந்து காட்டினா விட முடியாதுங்களே" என்றார் டாக்டரம்மா. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் விளக்கம் எழுதினார். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செய்தேன், அவர் பிழைத்துவிட்டார், அடுத்து வருகிறவருக்கும் செய்வேன்.

கையெழுத்துப் போட்டு, மேசை ஓரத்தில் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பைண்டிங் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வெள்ளைக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, வராந்தா முனைவரை இன்னும் எத்தனையோ பேர்.

"கடிதாசியை எல்லாம் வெளியிலேயே வச்சுட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "உடம்புக்கு என்ன பண்ணுது, அதை மட்டும் சொல்லுங்க."